கண் போன இடமெல்லாம் மனம் போகுமா?

மாமல்லபுரத்திற்குப் போகாத வாசகர்கள் நம்மில் குறைவு. கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, ஊருக்கு நடுவே உள்ள அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னும் நீங்கள் நின்றிருப்பீர்கள். அதைச் சிலர் அர்ச்சுனன் தபசு என்பார்கள். சிலர் கங்கை பூமிக்கு இறங்கி வந்த காட்சி என்பார்கள். ஏறத்தாழ 29 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அதன் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, எதிரே இளநீர் குடிக்கப் போய்விட்டீர்களா? அப்படியானால் நீங்கள் அந்தச் சிற்பத்தைப் பார்க்கவே இல்லை என்பதை ஒரு சிறு கணக்கின் மூலம் காட்டிவிட முடியும். கோபித்துக்கொள்ள வேண்டாம், பல ஆண்டுகள் நானும் அப்படிப் போய் வந்தவன்தான்.

வலக் கையை நேராக நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். அந்த விரலின் அகலம் உங்கள் கண்ணில் அமைக்கும் கோணம் ஏறத்தாழ 2 டிகிரி. நம் கண் நுட்பமாகப் பார்க்கும் பரப்பு அவ்வளவுதான். விழித்திரையில் மஞ்சள் புள்ளி என்ற பகுதி உண்டு. அதன் மையத்தில் ஒரு சிறு குழி இருக்கிறது. நிறத்தையும் நுணுக்கத்தையும் அறியும் கூம்பு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது அந்தக் குழியில்தான். அதைவிட்டு விலக விலகப் பார்வையின் கூர்மை மளமளவென்று குறைந்துவிடுகிறது. நம்பாதவர்கள் இந்த வரியில் ஏதேனும் ஒரு சொல்லின் மேல் கண்ணை அசையாமல் நிறுத்திக்கொண்டு, ஐந்தாறு சொற்கள் தள்ளியிருக்கும் சொல்லைப் படிக்க முயன்று பாருங்கள்.

இப்போது கணக்கிற்கு வருவோம். சிற்பத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். அந்தத் தொலைவில் 2 டிகிரி என்பது பாறையின் மேல் சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். சிற்பத்தின் மொத்தப் பரப்பு 29 × 13 = 377 சதுர மீட்டர். ஒரு வட்டத்தின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். ஆகவே பாறை முழுவதையும் நிரப்ப ஏறத்தாழ 1,900 வட்டங்கள் வேண்டும். நம் கண் ஒரு விநாடியில் மூன்று இடங்களில் நின்று பார்க்கும் என்று வைத்துக்கொண்டால், எங்கும் இரண்டாம் முறை திரும்பாமல் பார்த்து முடிக்கவே பத்தரை நிமிடம் ஆகிறது. ஓரங்களில் கோணம் சாய்வதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் முடிவு பெரிதாக மாறிவிடாது. யானையின் காலடியில் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும், அதைச் சுற்றியுள்ள எலிகளையும் பலர் தவறவிடுவது இதனால்தான்.

இந்தக் கணக்கை நான் போட நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் நான் பணியாற்றும் கல்லூரிக்கு அண்மையில் ஒரு விற்பனையாளர் வந்தார். தலையில் மாட்டிக்கொண்டால் மாய உலகம் ஒன்றைக் கண்முன் காட்டும் 'வி.ஆர். ஹெட்செட்' கருவிகளை ஆய்வகத்திற்கு விற்பது அவர் நோக்கம். எங்கள் பகுதி என்பதால் மாமல்லபுரச் சிற்பத்தையே அதில் காட்டினார். மாணவர்கள் வரிசையில் நின்று மாட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பிரமித்தார்கள் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் விற்பனையாளர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. "உள்ளே காமிரா இருக்குது சார். பையன் எங்கே பார்க்கிறான்னு கண்ணைத் தொடர்ந்துகிட்டே இருக்கும். யாருக்குக் கவனம் இருக்கு, யாருக்கு இல்லைன்னு கடைசியில ரிப்போர்ட்டே கொடுத்துடும்" என்றார். வாங்கலாமா வேண்டாமா என்று குறிப்பு எழுதும் பொறுப்பை முதல்வர் என்னிடம் கொடுத்தார். அந்தக் குறிப்பின் விரிவுதான் இக்கட்டுரை.

கண்ணைத் தொடரும் கருவி வேலை செய்யும் முறை மிக அழகானது. ஹெட்செட்டின் உள்ளே வில்லையைச் சுற்றிச் சிறிய ஒளி உமிழ் டையோடுகள் உள்ளன. அவை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணின் மேல் வீசுகின்றன. விழிவெண்படலம் ஒரு குவி ஆடிபோல் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கண்ணில் சில பளிச்சிடும் புள்ளிகள் தோன்றும். கண் திரும்பும்போது பாவை நன்றாக நகர்கிறது. பளிச்சிடும் புள்ளிகள் அவ்வளவு நகர்வதில்லை. இரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைச் சிறு காமிரா விநாடிக்குப் பலமுறை அளந்து, கண் எந்தத் திசையை நோக்குகிறது என்று கணிக்கிறது. சாதாரண ஒளியில் பார்த்தால் நம்மவர்களின் அடர்ந்த பழுப்பு நிற ஐரிஸுக்கும் கரிய பாவைக்கும் வேறுபாடு காண்பது கடினம். அகச்சிவப்பு ஒளியை மெலனின் குறைவாகவே உட்கவர்வதால் ஐரிஸ் வெளிர்ந்து, பாவை மட்டும் கறுப்பு வட்டமாகத் தனித்துத் தெரிகிறது. கருவியை வடிவமைத்தவர்களுக்கு இயற்பியல் இங்கே தாராளமாகக் கை கொடுத்திருக்கிறது.

ஆனால் காமிரா அளப்பது கண்ணின் வடிவியல் அச்சை. நாம் பார்ப்பதோ மையக்குழியின் வழியாக. இரண்டும் ஒன்றல்ல, சுமார் 5 டிகிரி விலகியிருக்கும், அந்த விலகலும் ஆளுக்கு ஆள் மாறும். பாறைச் சிற்பத்தில் 15 மீட்டர் தொலைவிலிருந்து 5 டிகிரி என்பது 1.3 மீட்டர். பூனையைப் பார்ப்பவரை யானையைப் பார்க்கிறார் என்று எழுதிவிட அது போதும். ஆகவே முதலில் "இந்தப் புள்ளியைப் பார், அந்தப் புள்ளியைப் பார்" என்று கருவி நம்மைக் கேட்டு, தன்னைத் திருத்திக்கொள்கிறது. தராசில் முள்ளைச் சரிபார்ப்பது போன்றது இது. அதன் பிறகு ஹெட்செட் சற்று நழுவினாலும் அளவு பிசகலாம். தடித்த மூக்குக் கண்ணாடி வேண்டாத பிரதிபலிப்புகளை உண்டாக்கும். கண் மையும் மஸ்காராவும் இமை ஓரத்தைக் கறுப்பாக்கிப் பாவை எது, மை எது என்று காமிராவைக் குழப்பும்.

இத்தனை சிரமப்பட்டுக் கண்ணைத் தொடர்வது எதற்கு? இதற்கு ஒரு மிக நல்ல காரணம் இருக்கிறது. மேலே சொன்ன கட்டை விரல் கணக்குத்தான் அது. கூர்மையான கண் 1 டிகிரிக்குள் 60 படப்புள்ளிகளைப் பிரித்தறியும். ஹெட்செட் 110 டிகிரி அகலமும் அதே அளவு உயரமும் காட்ட வேண்டுமானால் 6,600 × 6,600, அதாவது ஒரு கண்ணுக்கு 4 கோடியே 35 லட்சம் புள்ளிகள் வேண்டும். இதை விநாடிக்கு 90 முறை புதிதாக வரைய வேண்டும். சோனி நிறுவனம் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட 'பிளேஸ்டேஷன் வி.ஆர். 2' ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு இருப்பது 2,000 × 2,040 புள்ளிகள். தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் முழுக் கூர்மையுடன் வரைந்துகொண்டே இருந்தால் கணிப்பொறி திணறிப்போகும். கண்ணோ எந்த நேரத்திலும் அதில் ஒரு கட்டை விரல் அளவைத்தான் நுட்பமாகப் பார்க்கிறது. பார்க்கிற இடத்தை மட்டும் நன்றாக வரைந்துவிட்டு, மற்றதை ஒப்பேற்றிவிட்டால் என்ன?

அப்படித்தான் செய்கிறார்கள். 2022ஆம் ஆண்டு விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் யூனிட்டி நிறுவனத்தார் ஒரு கணக்குச் சொன்னார்கள். கண்ணைத் தொடராமல் படத்தின் நடுவை மட்டும் கூர்மையாக வரைந்தால் வேலை 2.5 மடங்கு வரை விரைவாகும். கண்ணைத் தொடர்ந்து வரைந்தால் 3.6 மடங்கு வரை விரைவாகும் என்பது அந்தக் கணக்கு. ('வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள்; ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் வருகிற அதே 'வரை'தான்.) 2025 நவம்பரில் வால்வ் நிறுவனம் அறிவித்த 'ஸ்டீம் ஃபிரேம்' என்ற ஹெட்செட் இதே உத்தியை வேறு இடத்தில் பயன்படுத்துகிறது. கணிப்பொறியிலிருந்து கம்பியில்லாமல் படம் வரும்போது, கண் நிற்கும் இடத்திற்கு மட்டும் நுணுக்கமான படத்தை அனுப்புகிறது.

கண் திடீரென்று வேறு இடத்திற்குத் தாவினால் அங்கே மங்கலான படம் இருந்து குட்டு வெளிப்பட்டுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கே கண்ணே கருவிக்கு உதவுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வதை உங்களால் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவர் நன்றாகப் பார்ப்பார். தாவும்போது கண் விநாடிக்கு 500 டிகிரிக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டக்கூடும். அந்தச் சிறு பொழுதில் வரும் கலங்கிய படத்தை மூளை நமக்குக் காட்டாமல் அடக்கிவிடுகிறது. கருவி புதிய படத்தைத் தயாரித்துக்கொள்ள வேண்டிய இடைவேளை அதுதான். 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி மொத்தத் தாமதம் 50 முதல் 70 மில்லி விநாடிக்குள் இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்கிறார். 80க்கு மேல் போனால் மங்கலாக்கும் அளவைப் பெரிதும் குறைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பயன்பாட்டின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கண் எங்கே திரும்பியிருக்கிறது என்ற ஒரே கேள்வியைத்தான் கருவி இங்கே கேட்கிறது. ஏன் திரும்பியது என்று அது கேட்கவில்லை. தப்பாகக் கணித்தாலும் படம் சற்று மங்கும், அவ்வளவே.

தொல்லை அடுத்த படியில் ஆரம்பமாகிறது. கண் நோக்கும் இடத்தை அறிந்துவிட்டவர்கள் அதை மனத்தின் விருப்பமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். மறைமலை நகரிலுள்ள நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து சோனியின் ஹெட்செட்டில் விளையாடினேன். (அவர் மனைவி பொறுமையாகக் காபி கொடுத்தார்.) 'ஹொரைசன்: கால் ஆஃப் தி மவுண்டன்' என்ற விளையாட்டில் விருப்பப் பட்டியலிலுள்ள ஒரு வரியைப் பார்த்தாலே அது தேர்வாகி நிற்கிறது. 'ரெஸ் இன்ஃபினிட்' விளையாட்டில் எதிரியைக் கண்ணால் பார்த்தால் குறி விழுந்துவிடுகிறது. முதல் பத்து நிமிடம் மந்திரம் கைகூடியது போல் இருந்தது. அதன் பிறகுதான், எதையும் சும்மா பார்க்க முடியாத ஒரு நிலைக்கு நான் வந்துவிட்டதை உணர்ந்தேன். வேடிக்கை பார்ப்பது என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அங்கே இடம் இல்லை.

பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. ராபர்ட் ஜேக்கப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990லேயே இதற்கு 'மைடாஸின் தொடுகை' என்று பெயர் வைத்தார். தொட்டதெல்லாம் பொன்னாகி, சோறும் பொன்னாகிப் பட்டினி கிடந்த, கிரேக்கக் கதையில் வரும் அரசனின் பெயர். நம் ஊர்க் கதையில் தேட வேண்டுமானால் பஸ்மாசுரனைச் சொல்லலாம். ஆப்பிள் நிறுவனம் 2024இல் விற்கத் தொடங்கிய 'விஷன் புரோ'வில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தால் பொருள் சற்று ஒளிர்கிறது. இரண்டு விரல்களைச் சேர்த்தால்தான் காரியம் நடக்கிறது. கண் சுட்டிக்காட்டுகிறது, கை சம்மதிக்கிறது.

நான் விளையாடியவற்றுள் மனத்தில் நின்றது ஒன்றுதான்: 'பிஃபோர் யுவர் ஐஸ்'. முதலில் 2021இல் கணிப்பொறிக்கு வந்து, 2023இல் ஹெட்செட்டுக்கு மாறியது. இறந்துபோன ஒருவன் படகில் அமர்ந்து தன் வாழ்க்கையைக் காட்சி காட்சியாக நினைவுகூர்கிறான். நீங்கள் கண் சிமிட்டினால் காலம் தாவிவிடும். அம்மா பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் போய்விடும். நிமிடத்திற்குச் சராசரியாகப் பதினைந்து முறை சிமிட்டும் கண்ணை வைத்துக்கொண்டு நாம் எத்தனை நேரம்தான் பிடித்து நிறுத்துவது? கடைசியில் கண்ணில் நீர் வந்தது. கதையினாலா, சிமிட்டாமல் இருந்ததாலா என்று நான் ஆராயவில்லை. சிமிட்டலை இந்த விளையாட்டு விருப்பம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. நம் விருப்பத்திற்கு மாறாகச் சிமிட்டல் நடக்கிறது என்பதே அதன் கதை. சிமிட்டினால் பொம்மைகள் நெருங்கி வரும் 'ஸ்விட்ச்பேக்' என்ற பயங்கர விளையாட்டும் இதே வகைதான் என்றாலும், அது திருவிழாப் பேய் வீட்டோடு நின்றுவிடுகிறது.

இனி விற்பனையாளரின் கவன அறிக்கைக்கு வருகிறேன். பாறைச் சிற்பத்தின் படத்தின் மேல், மாணவர் கண் அதிகம் நின்ற இடங்களைச் சிவப்பாகவும், நிற்காத இடங்களை நீலமாகவும் காட்டி, கீழே ஒரு மதிப்பெண்ணும் போட்டிருந்தது. இந்த மதிப்பெண்ணின் அடிப்படையைத்தான் நான் மறுக்கிறேன்.

சோவியத் நாட்டின் ஆல்ஃபிரட் யார்பஸ் என்பவர் இது தொடர்பாக ஒரு புகழ்பெற்ற சோதனை செய்தார். அதை விளக்கும் அவரது நூல் 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. உணர்ச்சியற்றுப் போகச் செய்த கண்ணின் மேல் சிறு கண்ணாடி ஒட்டிய ஓர் உறிஞ்சு மூடியைப் பொருத்தி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியால் கண்ணின் பாதையை அவர் பதிவு செய்தார். (இன்றைய ஹெட்செட்டை நாம் குறை சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.) ரேப்பின் என்ற ஓவியர் வரைந்த ஒரு படத்தை ஒரே ஆளுக்கு ஏழு முறை காட்டினார். அந்தக் குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டபோது கண் பொருள்களின் மேல் போயிற்று. அவர்கள் வயது என்ன என்று கேட்டபோது முகங்களின் மேல் போயிற்று. படம் அதே படம், ஆள் அதே ஆள். கேள்வி மாறியதும் பாதை மாறிவிட்டது.

நம் பாறைச் சிற்பத்தில் இது இன்னும் வேடிக்கையானது. 'அர்ச்சுனன் தபசு' என்று சொல்லி ஒருவரை அதன் முன் நிறுத்தினால், ஒற்றைக் காலில் எலும்பும் தோலுமாகத் தவம் செய்பவரையும், அவருக்கு எதிரே வரம் கொடுக்கும் சிவனையும் தேடுவார். 'கங்கை இறங்கியது' என்று சொல்லி நிறுத்தினால் நடுவிலுள்ள பிளவையும், அதில் கைகூப்பி மேலேறும் நாகர்களையும் பார்ப்பார். அறிஞர்களே இரண்டாகப் பிரிந்து வாதாடும் ஒரு சிற்பத்தில், சிவப்பு எங்கே விழ வேண்டும் என்று இந்தக் கருவிக்கு யார் சொன்னது? கேட்டேன். "அது சாஃப்ட்வேர்லயே செட் பண்ணியிருக்கும் சார்" என்றார்.

வகுப்பில் பாடம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மற்றொரு செய்தியும் உண்டு. கரும்பலகையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன் பாடத்தில் இருக்கிறான் என்று சொல்ல முடியாது. கண்ணை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டே கவனத்தை மட்டும் வேறிடத்திற்குக் கொண்டுபோக முடியும் என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே தன்மேல் சோதனை செய்து காட்டினார். எங்கள் செயல்முறை விளக்கத்தில் மிக நல்ல மதிப்பெண் வாங்கிய பையனின் படத்தில் நடுப்பிளவு முழுவதும் சிவப்பாக இருந்தது. அவ்வளவு நேரம் அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டேன். தாம்பரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்ததாக உண்மையைச் சொன்னான்.

மிகக் குறைந்த மதிப்பெண் ஒரு முதலாண்டு மாணவிக்கு. அந்தப் பெண்ணுக்கு மாறுகண். இரண்டு கண்களின் திசைகளும் ஒரு பொருளில் சந்திக்கும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்ட கருவி, புள்ளியைப் பார்க்கும்படி அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. நான்கைந்து முறைக்குப் பிறகு விற்பனையாளரின் உதவியாளர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அறிக்கையில் படம் முழுவதும் நீலம்; 'கவனம் தேவை' என்று கீழே ஒரு குறிப்பு. நான் அவளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைப் பற்றிச் சொன்னாள். பலமுறை மாமல்லபுரம் போன எனக்கு அந்த மான் நினைவில் இல்லை. பிறகு, "ஸ்கூல்லயும் இப்படித்தான் சார். போர்டைப் பாரு, போர்டைப் பாருன்னு திட்டுவாங்க. நான் போர்டைத்தான் பார்த்துட்டு இருப்பேன்" என்றாள்.

அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்லத் தயாராக இல்லை, ஏனென்றால் என் வகுப்பில் நானே எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியரிடம் ஒரு மாணவி போய் விளக்கம் சொல்லலாம். அவர் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்ளலாம். அறிக்கை கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும்.

கோப்பு என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடை செய்கிறது. எங்கள் முதலாண்டு மாணவர்களில் பலருக்குச் சேரும்போது 17 வயதுதான். ஆயினும் 2025 நவம்பரில் வெளியான விதிகள், கல்விப் பணிக்காகவும் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கக் கல்வி நிலையங்களுக்கு விலக்கு அளித்திருக்கின்றன. வருகைப் பதிவுக்கும் விடுதிப் பாதுகாப்புக்கும் இப்படி ஒரு விலக்கு வேண்டியிருக்கலாம். கண்ணின் பாதையும் அதற்குள் நுழைந்துவிட்டால் கேட்பவர் யார்? கண்ணின் பாதை மிக நுட்பமான தகவல் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆப்பிள் நிறுவனம் கண் நோக்கும் இடத்தை மற்ற நிறுவனங்களின் செயலிகளுக்குக் கொடுப்பதில்லை என்று உறுதி கூறியிருந்தது. 2024இல் சில ஆய்வாளர்கள், வீடியோ அழைப்பில் எதிராளிக்குத் தெரியும் பொம்மை உருவத்தின் கண் அசைவை மட்டுமே பார்த்து, அதை அணிந்திருப்பவர் கண்ணால் என்ன தட்டச்சு செய்கிறார் என்பதைப் பெருமளவு ஊகித்துவிட்டார்கள். நிறுவனம் அந்த ஓட்டையை அடைத்தது. முன்வாசலைப் பூட்டியவர்களுக்கே கொல்லைப்புறம் நினைவுக்கு வராமல் போயிற்று.

இதனால் கண்ணைத் தொடரும் கருவியே வேண்டாம் என்று நான் எழுதுவதாக எண்ண வேண்டாம். சென்னையின் எலிசார் நிறுவனம் ஹெட்செட் வடிவில் ஒரு பார்வைப் புல ஆய்வுக் கருவி செய்திருக்கிறது. கண்ணழுத்த நோயில் பார்வை ஓரங்களிலிருந்து நோயாளிக்கே தெரியாமல் அரிக்கப்படும். அதை அளக்க, நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் மின்னும் ஒளியைச் சொல்ல வேண்டும். கண் திருட்டுத்தனமாக ஓரத்திற்கு ஓடிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அப்படி ஓடாமல் கவனித்துக்கொள்ளும் காவலாளியாகக் கண் தொடரும் காமிரா இருக்கிறது. வழக்கமான பெரிய இயந்திரத்தோடு ஒப்பிட்ட ஆய்வுக் கட்டுரையும் 2021இல் வெளிவந்திருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. கையும் நாவும் ஒத்துழைக்காமல், கண் மட்டும் சொன்னபடி கேட்கும் ஒருவருக்கு, எழுத்துப் பலகையில் கண்ணை நிறுத்தி ஒரு சொல்லை அமைக்க முடிவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. (ஸ்டீஃபன் ஹாக்கிங் அப்படித்தான் எழுதினார் என்று பலர் நினைக்கிறார்கள், அவர் பயன்படுத்தியது கன்னத் தசையின் அசைவை.) அங்கே கண் பேச வேண்டும் என்று விரும்புபவர் அவரே. எங்கள் மாணவர்கள் கண்ணால் எதையும் சொல்ல விரும்பவில்லை. வெறுமனே சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாணவர்களை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றேன். சிற்பத்தின் முன் நிறுத்தி, பத்தரை நிமிடம் பேசாமல் பார்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை விதித்தேன். நான்கு நிமிடத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஏழாவது நிமிடம் யாரோ "எலி!" என்று கத்தினார்கள். மானை எனக்குக் காட்டியது அந்தப் பெண்தான்.

முதல்வரிடம் குறிப்பைக் கொடுத்துவிட்டேன். ஒளியியல் ஆய்வகத்திற்கு ஒரு ஹெட்செட் வாங்கலாம், மாணவர்கள் அதைப் பிரித்துப் பார்த்து அகச்சிவப்புப் புள்ளிகளையும் விழித் தாவலையும் அளந்து பழகுவதற்கு அது உதவும் என்று எழுதியிருக்கிறேன். கவன அறிக்கைப் பகுதியை நீக்கிக் கொடுக்க வேண்டும், கண்ணின் பதிவு எதுவும் கல்லூரிக்கு வெளியே போகக் கூடாது, மாறுகண் உள்ளவர்களுக்கு ஒற்றைக் கண்ணை வைத்துக் கருவியைச் சரிசெய்யும் வசதி வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளையும் சேர்த்தேன். நிறுவனத்திற்குக் கடிதம் போயிருக்கிறது. விலைப்பட்டியலை மட்டும் மறுபடியும் அனுப்பியிருக்கிறார்கள். நிபந்தனைகளைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.